ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படிப்பதால் ஓவியருக்குக் கிடைப்பது என்ன?

கேள்வி: பென்சில்முனை

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். ஓவியம்தான் படிக்கப் போகிறேன் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, வீட்டாருக்கும் இல்லை. அந்த வாக்குவாதங்களெல்லாம் சென்ற ஆண்டோடு ஓய்ந்துவிட்டன. எங்கே படிப்பது என்பதில்தான் குழம்பி நிற்கிறேன். இரண்டு இடங்களிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்று, ஓவியம், சிற்பம், அச்சோவியம் ஆகியவற்றை மட்டுமே கற்பிக்கும் தனிக் கலைக் கல்லூரி. அங்கே முதல் நாளிலிருந்தே காலை முதல் மாலை வரை ஓவியக்கூடத்தில்தான் இருப்பேன். மற்றொன்று, இயற்பியலிலும் மருத்துவத்திலும் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறை. அங்கே முதல் இரண்டு ஆண்டுகளில் பாடங்களில் ஏறக்குறையப் பாதியை வேறு துறைகளில் எடுக்க வேண்டும்.

பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மதிப்பு அதிகம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. ஆராய்ச்சி என்ற சொல்லுக்கும் நான் கரித்துண்டை வைத்துக்கொண்டு காகிதத்தில் செய்கிற வேலைக்கும் என்ன தொடர்பு? சுற்றிலும் ஆய்வகங்கள் இருப்பதால் என் ஓவியத்துக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா, அல்லது வரைய வேண்டிய நேரம்தான் பறிபோகுமா? இந்த வழியில் போய்வந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: செப்புத்தகடு

தங்கைக்கு வாழ்த்துகள். நான் அச்சோவியம் செய்பவன், அதாவது தகட்டில் படம் கீறி, மை பூசிக் காகிதத்தில் அச்சிடுகிறவன். பதினேழு ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போலவே இரண்டு கடிதங்களை வைத்துக்கொண்டு தவித்து, கடைசியில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குக் கிடைத்தது என்ன என்பதை ஒரே ஒரு நிகழ்ச்சியின் மூலம் சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

செம்புத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் கோடு கீறி, பூச்சு விலகிய இடத்தை மட்டும் ரசாயனம் அரிக்கும்படி தகட்டைக் கரைசலில் இறக்குவோம். எங்கள் பட்டறை நைட்ரிக் அமிலத்தைக் கைவிட்டு பெர்ரிக் குளோரைடுக்கு மாறிய காலம் அது. நைட்ரிக் அமிலம் நச்சுப் புகையை வெளிவிட்டு, குமிழிகளை எழுப்பிக்கொண்டே செம்பை அரிக்கும். பெர்ரிக் குளோரைடு சத்தமில்லாமல் வேலை செய்யும்; கோடும் கூர்மையாக விழும். ஆனால் எனக்கு மட்டும் ஆழமான கோடுகளெல்லாம் பாதியில் நின்றுபோயின. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கோட்டின் அடியில் துருவின் நிறத்தில் மெல்லிய வண்டல் படிந்திருந்தது. தகட்டைக் கவிழ்த்துப் போட்டால் வண்டல் கீழே விழுந்துவிடும் என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள். அப்படிச் செய்தால் அரிப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பார்க்க முடிவதில்லை.

அந்த வண்டலை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்திலிருந்த வேதியியல் துறைக்குப் போனேன். அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவி என்னைத் திருப்பி அனுப்பாமல் உட்கார வைத்துக் கேட்டார். அது கரையாத இரும்புச் சேர்மம் என்றும், இரும்பைப் பற்றிக்கொண்டு கரைசலிலேயே நிறுத்தி வைக்கக்கூடிய சிட்ரிக் அமிலத்தைச் சிறிது சேர்த்துப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார். அடுத்த மூன்று வாரங்கள் நாங்கள் இருவரும் சேர்ந்து, வெவ்வேறு அளவில் சிட்ரிக் அமிலம் கலந்த கரைசல்களில் செம்புப் பட்டைகளை இறக்கி, குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து, கோட்டின் ஆழத்தைக் குறித்துவைத்தோம். இந்தக் கலவை எடின்பரோ முறை என்ற பெயரில் அச்சோவியர்களிடையே ஏற்கெனவே புழங்கிவருவது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் ஒரு தகடு கெட்டுப்போனால் நொந்துகொள்வதை விட்டுவிட்டு, அது ஏன் கெட்டது என்று ஒவ்வொரு காரணமாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அந்த மூன்று வாரங்களில்தான் என் கைக்கு வந்தது. அந்தச் செம்புப் பட்டைகள் இன்றும் என் மேசைக்கு மேலே, ஒரே பலகையில் வரிசையாக ஆணியடித்துத் தொங்குகின்றன.

அந்த மாணவியும் என்னை ஒன்று கேட்டார். ஒரே சீராக அரிக்கப்பட்ட கோட்டை விட்டுவிட்டு, நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் கோட்டை நான் ஏன் நல்ல கோடு என்கிறேன் என்பதே அவர் கேள்வி. அதுவரை அதை நான் யாருக்கும் விளக்க வேண்டிய தேவை வந்ததில்லை. என் பட்டறையில் எல்லோருக்கும் அது தெரிந்த விஷயம், அதனாலேயே யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல முயன்றபோதுதான் எனக்கே அது பாதிதான் தெரியும் என்று புரிந்தது.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஹாரோல்ட் கோஹனைச் சொல்வேன். 1966ஆம் ஆண்டு வெனிஸ் பியன்னாலே கண்காட்சியில் பிரிட்டன் சார்பில் படங்களை வைத்த, நன்கு பெயர்பெற்ற ஓவியர் அவர். 1968இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்கு வந்த இடத்தில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, தானாகவே கோடு வரையும் ஆரோன் என்ற நிரலை உருவாக்கினார். 2016இல் மறையும் வரை அதை விரித்துக்கொண்டே இருந்தார். இயந்திரத்தைக் கொண்டு வேடிக்கை காட்டுவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஒரு சில கோடுகளைப் பார்த்ததும் மனிதர்கள் அதை உருவம் என்று எப்போது ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற ஓவியரின் கேள்வியைத்தான் அவர் கணினியிடம் கொண்டுபோனார்.

மறுமொழி 2: வண்ணப்படலம்

நான் ஓவியங்களைச் சீரமைக்கும் பணியில் இருக்கிறேன். முதலில் ஓவியம் படித்துவிட்டுப் பிறகு இத்துறைக்கு வந்தவள். செப்புத்தகடு ஐயா சொன்னதோடு, பொருள் பற்றிய அறிவு ஓவியருக்கு ஏன் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

மிஷேல் யூஜின் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தார். கறுப்பு நூல் சில இடங்களில் கறுப்பாகவே தெரியவில்லை, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் வலுவைக் குறைத்துக் காட்டின. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தெரிகிறது என்பதை அவர் விரிவாக ஆராய்ந்து 1839இல் நூலாக வெளியிட்டார். பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர்கள் பலர், குறிப்பாக ஜார்ஜ் சூரா, அதைக் கையோடு எடுத்துக்கொண்டார்கள். நெசவாளரின் குறையை வேதியியலாளர் காது கொடுத்துக் கேட்டதால் ஓவியருக்குக் கிடைத்த செல்வம் இது.

நம் காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2009இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்பிரமணியனின் ஆய்வுக்குழு, மின்னணுக் கருவிகளுக்கு உதவும் புதிய பொருளைத் தேடி, யிட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளைக் கலந்து ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டது. உலையிலிருந்து வெளியே வந்தது எளிதில் மங்காத, பளிச்சென்ற நீல நிறமி. அந்த வளாகத்தில் அப்போது ஓவியம் படித்துக்கொண்டிருந்த மாணவராக உங்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். புதிய நீலம் என்பது ஓவியருக்கு அடிக்கடி வாய்க்கிற விஷயமே அல்ல.

என் அன்றாட வேலையில், குண்டூசி முனையளவு வண்ணத் துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைப்பேன். அடியில் வெள்ளை அடித்தளம், அதன்மேல் பழுப்பு, அதன்மேல் பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சளேறிய வார்னிஷ் என்று, மண் வெட்டிய பள்ளத்தின் சுவர்போல அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு ஓவியர் எங்கே மனம் மாறினார் என்பதைக்கூட அந்த அடுக்கில் படித்துவிடலாம். 2008இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோரிஸ் டிக் குழுவினர், ஹாம்பர்க்கிலுள்ள துகள் முடுக்கியின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, வான் கோவின் புல்வெளி ஓவியம் ஒன்றின் அடியில் புதைந்திருந்த பெண் முகத்தை வண்ணத்தோடு மீட்டார்கள். போலிகளும் இப்படித்தான் பிடிபடுகின்றன. ஜெர்மானியப் போலி ஓவியர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி, 1914இல் வரையப்பட்டதாகக் காட்டிய படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. அந்தக் காலத்தில் அந்த வெள்ளை ஓவியர் கைக்கு வந்திருக்கவில்லை. 2011இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் செய்ய வேதியியல் மட்டும் போதாது. தூரிகை எந்தத் திசையில் ஓடியது, ஈரத்தின்மேல் ஈரமாகப் பூசினாரா, உலர்ந்தபின் பூசினாரா என்பதைக் கண்டுகொள்ள வரைந்து பழகிய கண் வேண்டும். எங்கள் ஆய்வகத்துக்கு அப்படிப்பட்ட கண் உள்ளவர்கள் அரிதாகத்தான் வருகிறார்கள்.

மறுமொழி 3: களிமண்

மேலே எழுதிய இருவரும் சொன்னவை உண்மைதான். இருந்தாலும் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பெண்ணுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். நான் சிற்பி, தனிக் கலைக் கல்லூரியில் இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன்.

கை என்பது நேரத்தைத் தின்று வளரும் உறுப்பு அம்மா. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரை ஒரு மாணவர் நாள்தோறும் ஆறு மணி நேரம் உருவம் பிடித்துப் பழகுவதற்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் முதுகலை படித்த பல்கலைக்கழகத்தில் சிற்பப் பட்டறையை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். காவலுக்கு ஆள் இல்லை என்பது காரணம். ஆய்வகங்களில் மட்டும் இரவெல்லாம் விளக்கெரியும். கடைசிப் பருவத்தில் நாற்பது பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அதே பருவத்தில் என்னால் முடிக்க முடிந்த சிற்பம் ஒன்றே ஒன்று, அதுவும் சிறியது. கட்டுரையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்தவர்கள், சிற்பத்தைச் சுற்றி ஒருமுறைகூட நடந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதையும் வெளியீடுகளால் அளந்து பழகிய இடம். ஆசிரியரின் கண்காட்சியைவிட அவருடைய கட்டுரைக்கு எடை அதிகமாக இருந்தால், நாளடைவில் வரைவதை நிறுத்திவிட்டு எழுதுகிறவர்களே ஆசிரியர்களாக மிஞ்சுவார்கள். அந்த நிலை வந்துவிட்ட துறையில் மாணவருக்கும் சொற்கள்தான் கிடைக்கும்.

ஜோசப் ஆல்பர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தைக் கற்பிப்பதில் கடந்த நூற்றாண்டில் அவருக்கு இணையாகச் சிலரைத்தான் சொல்ல முடியும். 1950இல் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே அவர் 1919 முதல் 1933 வரை ஜெர்மனியில் இயங்கிய பௌஹவுஸ் என்ற கலைப்பள்ளியில் படித்து, அங்கேயே கற்பிக்கவும் செய்தார். பிறகு பிளாக் மவுன்டன் என்ற மிகச் சிறிய கல்லூரியில் பதினாறு ஆண்டுகள் கற்பித்தார். பல்கலைக்கழகம் அவருக்குக் கடைசியில்தான் வந்து வாய்த்தது.

மறுமொழி 4: செப்புத்தகடு

களிமண் ஐயா சொல்வதில் பட்டறை நேரத்தைப் பற்றிய பகுதியை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஐந்து மணிக்குப் பூட்டும் பட்டறை என்றால் எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும் போகக் கூடாது.

ஆனால் ஆல்பர்ஸ் கதையின் இரண்டாம் பாதியையும் பார்க்க வேண்டும். அவருடைய புகழ்பெற்ற பயிற்சிகளில் ஒன்று மிக எளிது. ஒரே வண்ணக் காகிதத்திலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டி, ஒன்றை அடர்ந்த பின்னணியிலும் மற்றொன்றை வெளிறிய பின்னணியிலும் ஒட்ட வேண்டும். பின்னணிகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டு சதுரங்களும் ஒரே காகிதம் என்று பார்ப்பவர் நம்ப மாட்டார். வண்ணப்படலம் அம்மா சொன்ன கறுப்பு நூலின் புதிர்தான் இது. இங்கே மாணவர் அதைத் தாமே உண்டாக்கிப் பார்க்கிறார். கண்ணால் கணித்து, ஒட்டிப் பார்த்து, பிசகினால் வேறு காகிதத்தைத் தேட வேண்டும். கைப்பயிற்சி, சோதனை இரண்டும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன. மாணவர்களோடு இப்படிச் செய்து சேர்ந்தவற்றைத் திரட்டி 1963இல் யேல் பல்கலைக்கழக அச்சகம் நூலாக வெளியிட்டது. சிறு பள்ளியில் பிறந்தது என்பது உண்மை. எந்தத் துறையினரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அதைப் பதிவாக்கிக் கொடுத்தது பல்கலைக்கழகம். தங்கை அங்கே போகாவிட்டாலும் இன்று மாலையே இரண்டு காகிதத் துண்டுகளை வைத்து அதைச் செய்து பாருங்கள்.

கேள்வியாளர்: பென்சில்முனை

நேற்றிரவு காகிதங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். ஏழாவது முயற்சியில்தான் என் தம்பி இரண்டும் வேறு வேறு சாம்பல் நிறம் என்று சொன்னான். இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. இங்கே சொன்னவற்றில் பெரும்பாலும் அறிவியல் ஓவியத்துக்கு உதவுகிறது, அல்லது ஓவியரின் கண் அறிவியலுக்கு உதவுகிறது. படம் வரைவதே ஆராய்ச்சியாக இருக்க முடியுமா?

மறுமொழி 5: மூன்றாம்வரைவு

ஓவியத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருப்பவள் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். பிரிட்டனைச் சேர்ந்த கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரெய்லிங் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலையின் வழியான ஆய்வு. முதலாவது கலை வரலாறும் அழகியலும் செய்வது. இரண்டாவது, ஓவியர் தம் படைப்புக்காகத் திரட்டும் முன்வேலை. இதில் கிடைக்கும் அறிவு படத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்றாவதில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. செய்வதன் மூலம் மட்டுமே தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைச் செய்து தெரிந்துகொண்டு, எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைப் பிறர் பின்தொடரும்படி பதிவு செய்வது அது.

எனக்கு இதை உணர்த்தியவர் ஹென்றி டோங்ஸ். அவர் அறுவை மருத்துவராக இருந்து ஓவியரானவர். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் அங்கமாக 1871இல் தொடங்கப்பட்ட ஸ்லேட் ஓவியப் பள்ளியில் நெடுங்காலம் கற்பித்தவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஹேரால்டு கில்லீஸ் அறுவை சிகிச்சை செய்துவந்தபோது, டோங்ஸ் அந்த முகங்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வண்ணச் சுண்ணத்தில் வரைந்தார். புகைப்படங்களும் எடுக்கப்பட்டன. ஆனால் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் காட்டாத தோலின் நிறத்தையும், காயத்தின் விளிம்பையும், அதோடு என்னை நேராகப் பார்க்கும் ஒரு மனிதரையும் அந்தப் படங்களில் காண்கிறேன். அவை மருத்துவப் பதிவுகளா, உருவப்படங்களா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படிப் பிரிக்க முடியாமல் இருப்பதைத்தான் நான் ஆராய்ச்சி என்கிறேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு ஓவியத்தின் முன் நெடுநேரம் நிறுத்தி, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வைத்தார்கள். அந்தப் பயிற்சி நோயாளியைக் கூர்ந்து கவனிக்கும் திறனை வளர்க்கிறது என்று 2001இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. இது நல்ல செய்திதான். ஆனாலும் ஓவியத்தின் பயனை மருத்துவத்தைக் காட்டி நிறுவ வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. நிறமும் கோடும் மனிதருக்கு என்ன செய்கின்றன என்று அறிவதே ஒரு பல்கலைக்கழகம் மெனக்கெட்டு ஈடுபட வேண்டிய வேலை.

களிமண் ஐயா கவலைப்படுவது போல, எழுத்து ஓவியத்தை விழுங்கிவிடும் ஆபத்து எங்கள் துறையில் உண்மையிலேயே இருக்கிறது. நான் அதற்காக, காலையில் படம் வரைந்து முடிக்காமல் ஆய்வேட்டைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். சில வாரங்கள் அதைக் காப்பாற்ற முடிகிறது.

கேள்வியாளர்: பென்சில்முனை

இந்த வாரம் இரண்டு இடங்களுக்கும் நேரில் போய்வந்தேன். பல்கலைக்கழகத்தில் பட்டறை இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கிறது. இளங்கலை மாணவர்களுக்கும் சாவி உண்டு. பிற துறைகளின் ஆய்வகத்துக்குள் போக முடியுமா என்று கேட்டதற்கு, விதி எதுவும் இல்லை, கேட்டுப் போக வேண்டியதுதான் என்றார்கள். தனிக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களின் உருவ வரைவுகளைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் பார்த்தவற்றைவிட அவற்றின் கோடுகள் உறுதியாக இருந்தன. அது என்னை மிகவும் யோசிக்க வைத்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் வியாழக்கிழமை ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி தந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம் என்று இருக்கிறேன்.

மறுமொழி 6: களிமண்

இரவு பதினொரு மணி வரை சாவி உண்டு என்றால் என் எதிர்ப்பில் பாதியை விலக்கிக்கொள்கிறேன் அம்மா. வியாழக்கிழமை போகும்போது, கண்காட்சிக்கு வைத்திருக்கும் படங்களோடு நிறுத்திவிடாமல், சுவரோரம் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கும் முடியாத படங்களையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவற்றின் முன் நின்று ஆசிரியர் மாணவரிடம் என்ன பேசுகிறார் என்பதைக் கவனித்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்; நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.